விசில் கயிறு

கல்லுப்பட்டிக்குத் தெற்கே
மழைக்குச் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் மண்.
கோடையில் அதுவே வாய்பிளந்து
கன்றுக்குட்டியின் காலைக் கவ்வும்.
அங்கே பருத்திக்காட்டு வரப்பில்
சாக்கு விரித்துப் பெற்றார்கள் பாக்கியத்தாயை.
“பஞ்சுலதான் விழுந்தேன், பஞ்சுலயே பொழப்பு”
என்பாள், வார்டு மேசையில்
உருண்டை உருட்டிக்கொண்டே.

எனக்கு அவளைத் தெரிந்தது
எண்பத்தொன்று, ஐப்பசி, அடைமழை.
என் வண்டி கப்பலூர் தாண்டியதும்
பின் சீட்டில் ஒருத்தி அலறினாள்.
“வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க.
ஆம்பளைங்க எறங்குங்க.”
யார் இவள் என்று கேட்க வாய் வரவில்லை.
ஐம்பது பேர் புளியமரத்தடியில் நனைந்தோம்.
ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது:
“கண்டக்டர், அந்த விசில் கயிறு.”

கட்டினாள். வெட்டவில்லை.
“வெட்டுறதெல்லாம் பெரியாஸ்பத்திரியில.”

திருநகரில் ஏறினார் செக்கிங் இன்ஸ்பெக்டர்.
டிக்கெட் ஐம்பத்திரண்டு, தலை ஐம்பத்திமூன்று.
என்னை முறைத்தார்.
ரத்தம் பட்ட வெள்ளைப் புடவையோடு
அவள் நிமிராமலே சொன்னாள்:
“இன்னும் கொடி அறுக்கல சார்.
கணக்குக்கு ரெண்டும் ஒரு ஆளுதான்.”

கயிறு கேட்டுப் போனேன், மறுவாரம்.
கயிறுக்காகத்தான் போனேன் என்று
இன்றுவரை சாதிக்கிறேன்.
கோரிப்பாளையத்தில் வாங்கிய
சிவப்புக் கயிறு ஒன்று தந்தாள்.

செல்லூரில் ஒண்டுக் குடித்தனம்.
எதிர்வீட்டுச் சுவர் மூக்கை இடிக்கும்.
தடுப்பில்லாத வானத்தில் வளர்ந்தவளுக்கு
முதல் மாதம் மூச்சு முட்டியது.
பிறகு கண்டுபிடித்தாள்,
ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி ஜன்னலை.
கீழே தண்ணீரில்லாத வைகை.
“ஊருக்கு நடுவுல எனக்குன்னு
ஒரு கரிசக்காடு போட்டு வச்சிருக்காங்க.”
வெள்ளம் வந்த வருடம்
மதுரையே கரையில் நின்று கும்பிட்டது.
அவள் மட்டும் முகம் வாடினாள்.

நான் நாலு மணிக்கு டிப்போ.
அவள் எட்டு மணிக்கு இரவுப் பணி முடித்து.
முப்பது வருட தாம்பத்தியம்
பெரும்பாலும் நாள்காட்டித் தாளின் முதுகில்:
*மலர்விழி, காய்ச்சல் நூத்தியொண்ணு,
அரை மாத்திரை கொடுத்தாச்சு, மணி இரண்டு.*
*செல்வின் ரெண்டு தரம் வயித்தால போனான், நீர்மோர்.*
*உங்க சட்டைப் பையில் நாற்பது ரூபா குறையுது, காரணம் எழுதவும்.*
ஒரு தடவை, வெறும் தேதிக்குக் கீழே:
*பதினேழாம் பெட் பையன் போயிட்டான்.
குழம்பு அடுப்புல இருக்கு.*
அன்று நான் இரண்டாம் டிரிப் போகவில்லை.
வாசலில் உட்கார்ந்து அவள் தூங்குவதைக் காவல் காத்தேன்.
எழுந்து, “ஏன் லீவு? சம்பளம் புடிப்பான்ல?” என்றாள்.

மகள் பள்ளிக்கூட நோட்டில் எழுதியிருந்தாள்,
“எங்கள் அம்மா ஊருக்கெல்லாம் சிஸ்டர்,
எங்களுக்கு மட்டும் அவசரம்.”
படித்துவிட்டு
எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள்.
அந்த நோட்டை மட்டும்
பழைய பேப்பர்காரனுக்குப் போடவில்லை.

கையைப் பிடித்தால் மணிக்கட்டில்தான் பிடிப்பாள்.
சினிமாக் கொட்டகை இருட்டிலும் அப்படித்தான்.
ஆசையா, நாடியா?
கேட்டதில்லை.

வயிற்றில் கட்டி என்று
ஸ்கேன் எடுக்குமுன்பே தெரிந்திருந்தது அவளுக்கு.
எங்களுக்குச் சொன்னது
மருமகளின் பிரசவம் முடிந்து பத்தாம் நாள்.
கடைசி மாதம் தாள் எழுதியது நான்:
*கஞ்சி நாலு கரண்டி. வாந்தி ஒரு தரம்.
தூக்கம் இல்லை.*
“மணி போடல” என்று திருப்பித் தந்தாள்.

அந்த விடிகாலை
அவள் மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன்.
விரலுக்கடியில் ஏதோ வந்தது,
நின்றது, வந்தது.
“எத்தன?” என்றாள்.
“எழுபத்திரெண்டு.”
கண் திறக்காமலே சொன்னாள்:
“தப்பு.
இன்னொரு தரம்
எண்ணுங்க.”